அம்மா சுரண்டலை ஒழித்த கதை

நான் இப்போது சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்தில் 'சுரண்டல்' என்ற சொல் வந்தால் பிள்ளைகள் பொருள் கேட்பார்கள். பிறர் உழைப்பைத் தன் ஆதாயத்துக்குப் பறித்துக்கொள்வது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். அதே சொல்லுக்கு எங்கள் ஊரில் இருந்த பொருளைச் சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்குப் பாடம் நடக்காது. 

எங்கள் ஊர் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் (சில ஊர்கள் சேர்ந்தால் எங்களுக்கு அது ஒரு நாடு), மெயின் ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகிற ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கே முதலில் சுரண்டல் என்றால் சட்டி சுரண்டுவதுதான். களி கிண்டிய சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தலைச் சுரண்டித் தின்பதற்கு எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை நடக்கும். பொட்டப்பிள்ளை சட்டி சுரண்டித் தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று அம்மா மிரட்டுவாள். மலையில் எந்தக் கல்யாணத்துக்குத்தான் மழை பெய்யவில்லை என்று நான் சட்டியை இழுத்துக்கொள்வேன். அப்புறம் குச்சிக்கிழங்கின் தோலைச் சுரண்டுவோம். சொறி வந்தால் உடம்பைச் சுரண்டுவோம். இதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேலை இருக்கவில்லை.

லாட்டரி எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் பழைய லாட்டரி குலுக்கல் லாட்டரி. எங்கேயோ யாரோ எண்களைக் குலுக்கிப்போட்டு எடுப்பார்கள், முடிவு பேப்பரில் வரும், அந்தப் பேப்பர் மத்தியான பஸ்ஸில் எங்கள் மலைக்கு ஏறி வரும். அந்த வளைவுகளில் எல்லாம் திரும்பித் திரும்பி அது வந்து சேர்வதற்குள் சீட்டு வாங்கினவன் தான் வாங்கியதையே மறந்திருப்பான். ஆகையால் அந்தச் சூதாட்டம் எங்கள் ஆட்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மலைக்காரர்களுக்குப் பொறுமை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் எங்கள் அப்பாவைப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் சந்தைமேட்டில் ஒருவர் மரப்பலகைக் கடை போட்டு புதுவிதமான சீட்டைக் கொண்டுவந்து தோரணம் மாதிரி தொங்கவிட்டார். சீட்டின் நடுவே வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். நகத்தால் சுரண்டினால் அடியில் மூன்று படங்கள் தெரியும். மூன்றும் ஒன்றாக இருந்தால் பரிசு. பேப்பருக்கும் பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டாம். வாங்கின இடத்திலேயே சுரண்டி, அங்கேயே அதிர்ஷ்டசாலியாகலாம், அல்லது அங்கேயே ஒன்றுமில்லாமல் போகலாம். பட்டணத்தில் அதற்குச் 'சுரண்டல் லாட்டரி' என்று பெயர். எங்கள் ஊரில் லாட்டரி என்ற பாதி சீக்கிரமே உதிர்ந்து, 'சொரண்டல்' மட்டும் நின்றது. கடைக்கே சொரண்டக் கடை என்று பெயர் வந்துவிட்டது.

பெயர்க்காரணம் பற்றி அப்பாவுக்கு ஓர் ஆராய்ச்சி இருந்தது. சட்டியின் அடியில்தான் ருசி ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டுகிறவனுக்குத்தான் அது கிடைக்கும், அதனால்தான் பெரிய படிப்புப் படித்தவர்கள் யோசித்து இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்பார். சொல் ஆராய்ச்சியில் அவரைவிட மோசமானவர்களை நான் பிற்பாடு பல்கலைக்கழகத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அப்பா குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவார். சுரண்டும்போது கடைசிப் படத்தை மட்டும் விட்டுவைத்து, "நீ சொரண்டு கண்ணு, உங் கை ராசியான கை" என்று என்னிடம் நீட்டுவார். ஒருமுறை இரண்டு மயில் வந்திருந்தது. மூன்றாவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினேன். குடை வந்தது. அப்பா என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் தூளைத் தன் வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, பரவாயில்லை சாமி, குடையும் நமக்கு வேண்டியதுதான் என்றார். அவர்மேல் எனக்கு அன்றைக்குக் கோபமே வரவில்லை. இன்றைக்கும் முழுசாக வந்து தொலைக்க மாட்டேன் என்கிறது.

குடை உண்மையிலேயே வேண்டியதுதான். எங்கள் வீட்டுக் கூரைப்புல் மக்கிப்போய், மழைக்காலத்தில் வீட்டுக்குள் எல்லா இடத்திலும் சட்டியும் குண்டாவும் வைத்திருப்போம். அப்பா படுத்துக்கொண்டே மேலே பார்த்து, "குடுக்கற தெய்வம் கூரயப் பிச்சுக்கிட்டுக் குடுக்குமாம்" என்பார். அம்மா நிரம்பிய குண்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற போக்கில், "பிச்சு வெச்சு ரெண்டு வருசமாச்சுங்க. இன்னும் குடுக்கத்தான் காணோம்" என்பாள்.

அப்பா சுரண்டுகிற காசுக்கு வழி மிளகுக்கொடிதான். எங்களுக்கு மூன்று இடங்களில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏறியிருந்தது. கோயில்காட்டில் கொஞ்சம், ஓடைக்காட்டில் கொஞ்சம், வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொஞ்சம். காய் பச்சையாக இருக்கும்போதே கொடியை விலை பேசி முன்பணம் வாங்கிவிடலாம். தை மாசியில் வாங்கினவரே ஆள் வைத்துப் பறித்துக்கொள்வார். முதல் வருடம் கோயில்காடு அப்படிப் போனது. அடுத்த வருடம் கோயில்காட்டோடு ஓடைக்காடும் போனது. பின்னால் இருந்த கொடிகள் மட்டும் மிச்சம். அவை அம்மாவின் கொடிகள். ஆலத்தூர் நாட்டில் தான் பிறந்த வீட்டிலிருந்து கொடித்துண்டுகளைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து அம்மாவே நட்டு, அம்மாவே மரத்தோடு சேர்த்துக் கட்டி ஏற்றியவை. அந்த வருட மிளகை விற்றுக் கூரைக்கு ஓடு போடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அதை எங்களிடம் சொல்லவில்லை, கொடிகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன்.

கொடிகளை வாங்கியவர் மிளகு பாய். அவர் அடிவாரத்து ஊர்க்காரர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சந்தை நாளில் ஜீப்பில் ஏறி வந்து, சந்தைமேட்டில் தராசு கட்டி மிளகும் காப்பிக்கொட்டையும் எடுப்பவர். வெள்ளைத் தொப்பி, காதில் சொருகிய பென்சில். தராசு முள் நடுவே நின்ற பிறகும் ஒரு பிடி மிளகை எடுத்து எங்கள் சாக்கிலேயே திருப்பிப் போடுவார். அந்த வருடம் கார்த்திகையில் அப்பா அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து பின்பக்கக் கொடிகளைக் காட்டினார். பாய் அண்ணாந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளையும் ஒரு தரம் பார்த்தார்.

"இந்தக் கொடி எனக்கு வேண்டாமுங்க" என்றார் அப்பாவிடம். பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்களே பறிச்சுக் காய வெச்சு எடுத்தாங்க தங்கச்சி. என்ன வெல போகுதோ அந்த வெலைக்கு எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. அம்மா அன்றைக்குக் களியோடு கருவாடு வைத்தாள்.

ஆனால் அப்பா விடுகிற ஆள் இல்லை. பாய் இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சந்தையில் விசாரித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. கடை இருக்கிறவரைக்கும் கொடி நிலைக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒரு கடையை யாரிடம் சொல்லி மூடவைப்பது? கடைக்காரரிடமே போய்க் கேட்டுப்பார்த்தாள். அவர் பெஞ்சில் உட்காரச் சொல்லி மரியாதையாகப் பேசி, போகும்போது ஒரு சீட்டை இலவசமாகக் கொடுத்தனுப்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் சந்தைமேட்டில் பம்பு ரூம் சுவரில் அந்த எழுத்து வந்தது. யாரோ சுண்ணாம்பு அடித்து, நீலத்தில் ஆள் உயர எழுத்தாக எழுதியிருந்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. விறகுக் கட்டோடு நின்று, "என்ன எழுதியிருக்குது கண்ணு?" என்று கேட்டாள். நான் அப்போது நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டாமல் படிக்கிற வயது, அந்தப் பெருமையோடு சத்தமாக வாசித்தேன்.

"சுரண்டலை ஒழிப்போம்! சந்தைத் திடலில் பொதுக்கூட்டம்! அனைவரும் வாரீர்!"

அம்மா விறகுக் கட்டை இறக்கி வைத்தாள். "மொதல்ல படிச்சத மறுக்காப் படி." படித்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு நேர் எதிரே கலர் கலராகச் சீட்டு தொங்கிய கடையைப் பார்த்தாள். வேறென்ன வேண்டும்? எங்கோ இருக்கிற யாரோ, எங்கள் மலையில் இன்ன இடத்தில் இப்படி ஒரு கடை இருப்பதைக் கேள்விப்பட்டு, அதற்கு எதிரே இருக்கிற சுவரைத் தேர்ந்தெடுத்து எழுதியிருக்கிறார்கள். "நம்ம கஷ்டம் எங்கியோ போயி எட்டியிருக்குது பாரு" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நான் படித்ததால்தான் இதெல்லாம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் நடத்தியவர்கள் கீழே இருந்து வந்த ஒரு விவசாயிகள் சங்கத்தார். மலையில் கிழங்குக்கும் மிளகுக்கும் வியாபாரிகள் எடையில் ஏய்க்கிறார்கள், விலையை அமுக்குகிறார்கள் என்பது அவர்களுடைய வழக்கு. பொய் வழக்கு இல்லை, அப்படிப்பட்ட வியாபாரிகள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்களில் புத்திசாலிகள் அன்றைக்குச் சந்தைக்கு வரவில்லை. மிளகு பாய் மட்டும் எப்போதும்போல வந்து, திடலின் ஓரத்தில் தராசைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பெஞ்சு கொடுத்து, சோடா வாங்கிவைத்து ஓடியாடி உதவியது சொரண்டக் கடைக்காரர். அதைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடு தானே வந்து கழுத்தை நீட்டுகிறது என்று என் காதில் சொன்னாள்.

சங்கத் தலைவருக்கு நல்ல குரல். ஒலிபெருக்கி இல்லாமலே பக்கத்து மலைக்குக் கேட்கும். "உங்கள் வீட்டு அடுப்பிலே பூனை தூங்குகிறதே, ஏன்?" என்று கேட்டு நிறுத்தினார்.  "சுரண்டல்!" என்றார் அவர். அம்மா தலையை ஆட்டினாள். "உங்கள் கூரை ஒழுகுகிறதே, ஏன்? பாடுபட்டது அத்தனையும் எங்கே போகிறது? சுரண்டலிலே போகிறது!" எங்கள் வீட்டுக்குள் வந்து ஒரு நாள் தங்கியிருந்து பார்த்தவர் மாதிரி அவர் பேசினார். கூட்டத்தில் சற்றுத் தள்ளி அப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. அம்மா என் தோளை அழுத்தி, "உங்கப்பனும் கேக்கட்டும்" என்றாள்.

கடைசியில் தலைவர், பாதிக்கப்பட்டவர்கள் யாராவது மேடைக்கு வந்து பேசலாம், பயப்பட வேண்டாம், பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்றார். யாரும் அசையவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் பொம்பளைகள் மேடை ஏறிய வழக்கமே கிடையாது. அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி நடந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. யாரோ கை தட்டினார்கள்.

மைக்கைப் பிடித்ததும் அம்மா தன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே பயந்துபோனாள். தலைவர் அன்பாக, "சொல்லுங்கம்மா" என்றார்.

"கும்புடறேனுங்க. எங்கூட்லயும் இந்தச் சொரண்டலாலதானுங்க எல்லாம் போச்சு."

கைதட்டல் எழுந்தது. அம்மாவுக்குத் தைரியம் வந்தது.

"கோயில்காட்டுக் கொடி போச்சுங்க. ஓடக்காட்டுக் கொடி போச்சுங்க. இப்ப ஊட்டுக்குப் பொறத்தால நா வெச்ச கொடிக்கும் கேடு வந்திருக்குதுங்க. எப்படியாச்சும் இந்தச் சொரண்டல நீங்க ஒழிச்சுத் தரோணும் சாமி."

தலைவர் நெகிழ்ந்துபோனார். அவருடைய பேச்சுக்கு இப்படி ஒரு சாட்சி அதுவரை எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. மைக் பக்கம் குனிந்து, "கொடியை எல்லாம் எடுத்துக்கிட்டது யாரும்மா? பேரைச் சொல்லுங்க, பயப்படாதீங்க" என்றார்.

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்ல மட்டும் தெரியும்.

"கொடிய எடுத்துக்கிட்டது பாய்ங்க. ஆனா..."

அந்த 'ஆனா' எனக்குக் கேட்டது. நான் அவள் இடுப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அதற்குள் தலைவர் மைக்கைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டதால் ஒலிபெருக்கியில் அது போகவில்லை. "கேட்டீர்களா!" என்று அவர் முழங்கினார். "இந்தத் தாயின் கண்ணீரைக் கேட்டீர்களா!" அம்மா கண்ணீர் ஒன்றும் விடவில்லை. "ஏனுங்க, நாஞ் சொல்ல வந்தது" என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவள் தலைமேல் கை வைத்துவிட்டுத் தொடர்ந்து பேசினார்.

கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் தராசு இருந்த பக்கம் திரும்பியது. பாய் எழுந்து நின்றார். வருடக்கணக்காக அவரோடு உட்கார்ந்து டீ குடித்த ஆட்கள்தான் எல்லாரும். அதில் ஒருவன் போய்த் தராசுச் சங்கிலியை இழுத்தான். தட்டு சரிந்து மிளகு மண்ணில் கொட்டியது. "மேல வந்து எங்களச் சொரண்டித் திங்கறியா?" என்று யாரோ கத்தினார்கள். அந்தச் சொல் அதற்குள் ஆட்களின் வாயில் புதுப் பொருளோடு ஏறிவிட்டிருந்தது. கத்தியவர்களில் கடைக்காரர் குரலும் இருந்தது.

பாய் மேடையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குள் அப்பா நின்ற இடத்தைப் பார்த்தார். அப்பா பக்கத்து ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒரு அடி நகர்ந்துகொண்டார்.  அப்புறம் பாய் தராசைக் கழற்றி, மண்ணில் கிடந்த மிளகை அப்படியே விட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். யாரும் அவரை அடிக்கவில்லை. இதை எங்கள் ஊர்க்காரர்கள் பிற்பாடு ஒரு நல்ல காரியம் போலச் சொல்லிக்கொண்டார்கள்.

மேடையிலிருந்து இறங்கியபோது எல்லாரும் அம்மாவைப் பாராட்டினார்கள். அவள் குழம்பிப்போயிருந்தாள். வீட்டுக்குப் போகிற பாதையில் என்னை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அப்பா பின்னால் வந்தார். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தக் கடைய எப்ப மூடுவாங்களாமா?"

"எந்தக் கடைய?"

"சொரண்டக் கடையத்தான். ஒழிக்கறம்னு சொல்லித்தான கூட்டம் போட்டாங்க?"

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். புரையேறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடியும் சிரித்தார். தம்பியும் காரணம் தெரியாமல் சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின் அப்பா, சொரண்டல் என்றால் பட்டணத்துப் பேச்சில் என்ன என்று விளக்கினார். வியாபாரி ஏமாற்றிப் பறித்துக்கொள்வது, அவ்வளவுதான், லாட்டரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். பெயர்க்காரணத்தில் அவர் கெட்டிக்காரர்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா. "நா அங்க என்ன சொல்ல வந்தேன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? கொடிய வேண்டாம்னு சொன்ன மனுசனுங்க அவரு."

அப்பாவின் சிரிப்பு நின்றது. "மைக்குல பேசுனது நீயா, நானா?" என்று கேட்டுவிட்டு, கை கழுவ எழுந்து வெளியே போனார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிட்டது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நல்ல வேடிக்கை நடந்தது என்றுதான் நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அடுத்த சந்தைக்கு ஜீப் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. சங்கத்தாரும் வரவில்லை, அவர்களுக்கு வேறு ஊர்களில் கூட்டம் இருந்திருக்கும். பறிப்புக் காலம் நெருங்கி, மிளகை யார் எடுப்பது என்று எல்லாரும் திகைத்துக்கொண்டிருந்தபோது சொரண்டக் கடைக்காரர் கடைக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தராசு கட்டினார். பாய் கொடுத்த விலையில் பாதிக்குத்தான் எடுத்தார். அந்தப் பணத்தையும் வாங்குகிற கையோடு பக்கத்திலேயே சுரண்டிக்கொள்ள வசதி இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொடிகளையும் அவரே அப்பாவிடம் பேசி முடித்தார். அவருடைய ஆட்கள் வந்து மூங்கில் ஏணி சாத்திப் பறித்தபோது அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கொத்துகள் கூடையில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் போய்ச் சொன்னபோதுகூட அவள் எழுந்திருக்கவில்லை.

சில வருடங்களில் அரசாங்கமே லாட்டரியைத் தடை செய்தது. எங்கள் ஊரில் யாரும் மேடை போடவில்லை, சுவரில் எழுதவில்லை. ஒரு நாள் சீட்டுத் தோரணம் இல்லாமல் கடை திறந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குள் எங்கள் மூன்று காடுகளும் அடமானம் போய், அப்பா ரிக் லாரியில் ஆழ்குழாய்க் கிணறு போடும் வேலைக்கு வடக்கே போயிருந்தார். அவர் திரும்பி வந்தது வேறு கதை. அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நான் சொல்ல வந்தது கூட்டம் நடந்த அந்த வருடமே மாசி முடிவில் ஒரு நாளைப் பற்றி. கொடிகளில் காய் எல்லாம் பறித்து முடிந்திருந்தது. அம்மா தோட்டத்தில் பழுத்திருந்த ஒரு தார் மலைவாழையைப் பையில் போட்டுக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு காலை பஸ் ஏறினாள். அப்பாவிடம் வேறு ஏதோ சொல்லியிருந்தாள். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. அம்மா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டே தனக்குள் எதையோ சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடிவாரத்து ஊரில் விசாரித்து பாயின் வீட்டுக்குப் போனோம். முன்னறையில் அவர் தரையில் உட்கார்ந்து, கோணி ஊசியால் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "வாங்க தங்கச்சி. வா கண்ணு" என்றார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வந்து அம்மாவைக் கோரைப்பாயில் உட்காரவைத்து, எனக்கு டீயும் வறுக்கியும் கொண்டுவந்தார். அந்த அம்மாள் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் வறுக்கி இரண்டு கூடுதலாகவே வைத்தார்.

அம்மா வழியெல்லாம் சொல்லிப்பார்த்தது எல்லாம் மறந்துபோய், முதல் வார்த்தையிலேயே அழுதுவிட்டாள்.

"நாஞ் சொன்னது லாட்ரியங்க. சத்தியமா லாட்ரியத்தானுங்க சொன்னேன். அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

பாய் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தங்கச்சி."

"ஆரு சொன்னாங்க?"

"ஆரு சொல்லோணும்? அன்னைக்கே தெரியும். நீங்க மைக்கப் புடிச்சு மொத வார்த்த பேசறப்பவே தெரியும். அந்தக் கடை வாசல்ல உங்க ஊட்டுக்காரர நாம் பாக்காத சந்தையா?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு இப்போது பாய்மேலேயே கோபம் வந்ததுபோல் இருந்தது.

"தெரிஞ்சுமா பேசாம நின்னீங்க? இந்தம்மா லாட்ரியச் சொல்றாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமில்லீங்க? நீங்க சொல்லியிருக்கலாமுங்களே."

பாய் ஊசியைச் சாக்கில் குத்தி அப்படியே விட்டார். அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"எங்க நின்னு சொல்றது தங்கச்சி?" என்றார் பாய்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.  எனக்கு இன்னொரு டம்ளர் டீ வந்தது. கிளம்பும்போது பாய் வாழைத்தாரில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார், மீதி பிள்ளைகளுக்கு என்று பையிலேயே வைத்துவிட்டார். மலைக்கு எப்போது வருவீர்கள் என்று அம்மாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பாய் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய மனிதர் ஒருவர், இவ்வளவு சாதாரண விஷயத்தில் பொய் சொல்கிறாரே என்று இருந்தது. அன்றைக்கு மேடையில் நின்று திடல் முழுவதையும் நான் பார்த்தவள்.

"ஏம்மா, பாய் எங்க நின்னு சொல்றதுன்னு கேட்டாரே. மேடைக்குப் பக்கத்துலயே அவ்வளவு எடம் சும்மா கெடந்துச்சு. பம்பு ரூம்புக்கிட்ட யாருமே இல்ல. எங்க வேணாலும் நின்னிருக்கலாமில்ல?"

அம்மா பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னது சரியாக இருந்ததால்தான் அவளால் பதில் சொல்ல முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்தேன்.